ஊட்டி போனா சிப்ஸ் பாக்கெட் உப்புது, டயர் ப்ரஷர் மட்டும் ஏன் மாறலைங்க?

காரமடை வேன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன சனிக்கெழமை குடும்பத்தோட ஊட்டி போனோம். மேட்டுப்பாளையத்துல ரெண்டு மணி நேரம் நெழல்ல வண்டிய நிறுத்திட்டு கெளம்பறதுக்கு முன்னாடி டயர் செக் பண்ணேன், நாலு டயரும் 30 பி.எஸ்.ஐ, வெளிய வெயில் 35 டிகிரி. குன்னூர் போறதுக்குள்ள பின்னாடி சீட்ல கெடந்த சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலகாணி மாதிரி உப்பிக்கிச்சு, ஒண்ணு வெடிச்சுருமோன்னு பசங்க பயந்துட்டாங்க. நைட்டு ஊட்டில ரூம், காலைல ஆறு மணிக்கு குளிரு 15 டிகிரி, அதே மீட்டர வெச்சு டயர் பாத்தா அப்பவும் 30. ஒரு பாயிண்ட் கூட மாறல.

எம்பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. குளுந்தா காத்து சுருங்கும்னு சார்லஸ் விதி சொல்லுது, அப்ப பாக்கெட் சுருங்கணும், டயர்லயும் எறங்கணும், ரெண்டுமே நடக்கலையே அப்பான்னு கேக்குது. எனக்கு பதில் சொல்லத் தெரியல. மீட்டர் புதுசு, தப்பா காட்ட வாய்ப்பில்ல. வெவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, அந்தப் புள்ள நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு துடிக்குது.

பைபாஸ் ரைடர்:
அண்ணா டயர்ல நைட்ரஜன் போட்டிருப்பீங்க. நைட்ரஜன் வெயிலுக்கு விரியாது, குளிருக்கு சுருங்காது, அதனாலதான் 30 அப்படியே நிக்குது. பங்க்ல சொல்லித்தான் போடுறாங்க.

காரமடை வேன்:
இல்லீங்க தம்பி, சாதா காத்துதான். எப்பவுமே சாதா காத்துதான் புடிக்கறது.

தாராபுரம் டீச்சர்:
இந்தக் கேள்விய பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். இருபது வருஷமா வாயு விதிகள் நடத்துறேன், இத விட நல்ல கணக்கு எந்த கைடுலயும் பாத்ததில்ல. பாப்பாவ கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க சார், கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

பாப்பா சொன்னது தப்பில்ல, பாதி சரி. சார்லஸ் விதி சொல்லும்போது கூடவே ஒரு வார்த்த வரும், "அழுத்தம் மாறாத போது". பரீட்சைக்கு எழுதுறப்ப அத ஒரு சம்பிரதாயம் மாதிரி எழுதிட்டு போயிடுறோம். ஆனா மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேர்ந்து ஒரு 330 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் ஒசரத்துக்கு இருக்கற காத்த நீங்க கீழயே விட்டுட்டு ஏறிட்டீங்க, அந்தக் காத்தோட எடை இனிமே உங்க மேல இல்ல. மேட்டுப்பாளையத்துல வெளிக்காத்தோட அழுத்தம் சுமார் 14.1 பி.எஸ்.ஐ, ஊட்டில சுமார் 11.2 தான். அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சு போச்சு. அப்ப அழுத்தம் மாறாத போதுங்கற கண்டிஷனே அங்க செல்லாது.

இப்ப பாக்கெட். அதோட உறை மெல்லிசு, வெளிய அழுத்தம் கொறைஞ்சா உள்ள இருக்கற வாயு அதுக்கு சமமாகற வரைக்கும் விரியும். அழுத்தத்துக்காக மட்டும் பாத்தா 14.1 வகுத்தல் 11.2, அதாவது 1.26 மடங்கு விரியணும். குளிருக்காக சுருங்கணும், வாயு கணக்குல டிகிரியோட 273 சேத்து கெல்வின்ல போடணும், 35 டிகிரின்னா 308 கெல்வின், 15 டிகிரின்னா 288, 288 வகுத்தல் 308 போட்டா 0.935. ரெண்டையும் பெருக்கினா 1.18. நூறு மில்லி வாயு இருந்தா 118 மில்லி ஆகப் பாக்கும். குளிரு சுருக்கத்தான் பாத்துச்சு பாப்பா, ஆனா ஒசரம் அத விட பலமா விரிச்சிருச்சு. அதுலயும் வேனுக்குள்ள நீங்க ஜன்னல மூடிட்டு வெதுவெதுப்பா போயிருந்தா குளிரோட பங்கு இன்னும் கம்மி, அதனாலதான் குன்னூர்லயே உப்பியிருக்கு.

டயர் அப்படி இல்ல. ரப்பரும் உள்ள இருக்கற கம்பியும் அத விரிய விடாது, கன அளவு கிட்டத்தட்ட மாறாது, அதனால மாற்றம் பூராவும் அழுத்தத்துலதான் தெரியணும். இங்கதான் ஒரு முக்கியமான விஷயம், உங்க மீட்டர் காட்டுற 30 டயருக்குள்ள இருக்கற மொத்த அழுத்தம் கெடையாது. வெளிக்காத்த விட உள்ள எவ்ளோ கூடங்கறத மட்டும்தான் அது காட்டும். மேட்டுப்பாளையத்துல உள்ள இருந்த உண்மையான அழுத்தம் 30 கூட்டல் 14.1, 44.1. ஊட்டி குளிர்ல அது 44.1 பெருக்கல் 288 வகுத்தல் 308, சுமார் 41.2 ஆ எறங்கிருச்சு. ஆக டயருக்குள்ள அழுத்தம் எறங்கத்தான் செஞ்சிருக்கு, கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. ஆனா வெளிக்காத்தும் அதே மூணு எறங்கிருச்சு. 41.2 கழித்தல் 11.2 எவ்ளோ? 30!

மீட்டர் பொய் சொல்லல சார். உள்ள ஒரு எறக்கம், வெளிய ஒரு எறக்கம், ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிருச்சு. இது எல்லா மலைக்கும் எல்லா நாளும் இப்படி சரியா அடிக்காது, உங்களுக்கு அன்னிக்கு 20 டிகிரி வித்தியாசம் அமைஞ்சுது. ஊட்டிலயும் 35 டிகிரி இருந்திருந்தா மீட்டர் 33 காட்டியிருக்கும். மேட்டுப்பாளையத்துலயே 15 டிகிரி ஆயிருந்தா 27 தான் காட்டியிருக்கும்.

காரமடை வேன்:
டீச்சர் ரொம்ப நன்றிங்க. ரெண்டு தடவ படிச்சேன், பாப்பா நோட்டுல போட்டுப் பாத்து 30.04 வருதுன்னு குதிக்குது. நானும் இத்தன வருஷமா வண்டி ஓட்டறேன், மீட்டர்ல காட்டறது வெளிக்காத்துக்கு மேல உள்ள கணக்குங்கறது இன்னிக்குத்தான் தெரியும். அப்ப பஞ்சர் ஆன டயர்ல மீட்டர் பூஜ்யம் காட்டறப்பவும் உள்ள 14 இருக்குன்னுதானுங்க அர்த்தம்?

தாராபுரம் டீச்சர்:
ஆமா சார், அதேதான். அந்த ஒண்ணு புரிஞ்சிட்டா பாதி பாடம் முடிஞ்சுது.

நாமக்கல் டயர்ஸ்:
நான் பதினாறு வருஷமா டயர் கடை வெச்சிருக்கேன். டீச்சர் சொன்ன கணக்க என் கடை கணக்கோட வெச்சுப் பாத்தேன், அதனால எழுதுறேன். காலைல வண்டி கெளம்பும்போது 27 டிகிரில 33 போட்டு அனுப்புறேன், ஹைவேல ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தி பாத்தா 37, 38 இருக்கும். அப்ப டயர தொட்டா கை சுடும், உள்ள காத்து 55, 60 டிகிரி இருக்கும்னு வெச்சுக்கோங்க. டீச்சர் கணக்குப்படி 33ஓட 14.7 சேத்தா 47.7, அத 330 வகுத்தல் 300ஆல பெருக்கினா 52.5, திரும்ப 14.7 கழிச்சா 37.8. அப்படியே வருது. வெளிக்காத்த சேக்காம வெறும் 33ஐ பெருக்கினா 36.3 தான் வரும், அது நடைமுறைக்கு ஒத்து வராது.

எல்லாரையும் கேட்டுக்கறேன், ஓடி வந்த சூட்டுல 38 பாத்துட்டு அய்யோ அதிகமா இருக்குன்னு காத்த எறக்காதீங்க. தெனமும் ரெண்டு பேராவது இத செய்யறாங்க. எறக்கி 33 ஆக்கிட்டா ராத்திரி டயர் ஆறினதும் அது 28, 29க்கு போயிரும், மறுநாள் அந்தக் கம்மி காத்துல லோடு ஏத்தி வெயில்ல ஓட்டுனா பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கி இன்னும் சூடேறி வெடிக்கும். மே மாசம் ரோட்டோரம் கெழிஞ்சு கெடக்கற டயர்கள்ல நெறைய காத்து அதிகமாகி வெடிச்சதுன்னு நெனைக்கறாங்க, என் அனுபவத்துல பாதிக்கு மேல காத்து கம்மியா ஓட்டி சூடேறி போனது. வண்டிக்குப் போட்டிருக்கற அளவு ஆறின டயருக்கான அளவு, கம்பெனிக்காரன் சூட்டுல ஏறப்போறத சேத்துத்தான் அத குடுத்திருக்கான்.

நைட்ரஜன் பத்தி சொன்ன தம்பிக்கு, விரியாதுங்கறது சரியில்ல தம்பி. நானும் நைட்ரஜன் போடறவன்தான், கேக்கறவங்களுக்கு போட்டு குடுக்கறேன், ஆனா அது விரியாதுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சூட்டுல அதுவும் அதே மாதிரிதான் ஏறும்.

பைபாஸ் ரைடர்:
அப்ப எதுக்குண்ணே விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் நைட்ரஜன் போடறாங்க? சும்மாவா போடுவாங்க?

தாராபுரம் டீச்சர்:
நியாயமான கேள்வி. நம்ம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மூலக்கூறு என்னங்கறத இந்த விதி பாக்காது, எத்தனைங்கறதத்தான் பாக்கும், அதனால சாதாரண அழுத்தத்துல எல்லா வாயுவும் ஒரே விகிதத்துலதான் ஏறி எறங்கும். ஆனா கம்ப்ரசர்ல புடிக்கற சாதா காத்துல ஈரம் இருக்கும், அந்தத் தண்ணி சூடேறி ஆவியானா அழுத்தம் வாயு விதி சொல்றத விட கூடுதலா ஏறும், ரேஸ் காருக்கு அந்த சின்ன வித்தியாசமும் முக்கியம். விமானத்துல காரணம் பாதுகாப்பு, எறங்கும்போது பிரேக் சூட்டுல டயருக்குள்ள ஆக்சிஜன் இருந்தா தீ புடிக்கலாம், மேல கடுங்குளிர்ல ஈரம் ஐஸ் ஆகலாம். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவா கசியும்ங்கறதும் உண்மை. விரியாதுங்கறது மட்டும் உண்மை இல்ல.

காரமடை வேன்:
பாப்பா கேக்குதுங்க, நான் அப்படியே எழுதறேன். "மிஸ், எல்லாத்தையும் கெல்வின்ல ஏன் போடணும்? 15 டிகிரி 30 டிகிரி ஆனா டபுள் தானே, காத்தும் டபுள் ஆகணும்ல? 273ன்னு யாரு எப்படி கண்டுபுடிச்சாங்க, அவ்ளோ குளிருக்கு யாராச்சும் போனாங்களா?"

தாராபுரம் டீச்சர்:
யாரும் போகல கண்ணு, போகாமலே கண்டுபுடிச்சாங்க, அதுதான் இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச எடம்.

1702 வாக்குல பிரான்ஸ்ல அமோந்தோன்னு ஒருத்தர் காத்த ஒரே கன அளவுல அடைச்சு வெச்சு சூடு பண்ணி அழுத்தம் எப்படி ஏறுதுன்னு பாத்தாரு. குளுர வெச்சா எறங்கிகிட்டே போகுது, அப்ப எங்கயோ ஒரு எடத்துல பூஜ்யமாத்தானே ஆகணும், அதுக்குக் கீழ குளிருங்கறதே இருக்க முடியாதேன்னு யோசிச்சாரு. சார்லஸ் 1787 வாக்குல கன அளவ வெச்சு அதே மாதிரி பாத்தாரு, ஆனா அச்சுல போடல. 1802ல கேய்-லூசாக் அத வெளியிட்டப்ப எனக்கு முன்னாடியே சார்லஸ் பாத்துட்டாருன்னு அவரே எழுதி வெச்சாரு, இல்லன்னா இன்னிக்கு சார்லஸ் விதின்னு ஒரு பேரே இருந்திருக்காது.

கேய்-லூசாக் என்ன கண்டாருன்னா, பனிக்கட்டி சூட்டுலேர்ந்து தண்ணி கொதிக்கற சூடு வரைக்கும் எந்த வாயுவ எடுத்தாலும் 100 பங்கு இருந்தது 137.5 பங்கு ஆகுது. இப்ப நமக்குத் தெரிஞ்ச சரியான அளவு 136.6. நீ ஒரு கிராஃப் தாள் எடு. பூஜ்ய டிகிரில 100, நூறு டிகிரில 136.6, ரெண்டு புள்ளி வெச்சு கோடு இழு, அந்தக் கோட்ட ஸ்கேல் வெச்சு இடது பக்கம் நீட்டிக்கிட்டே போ. கன அளவு பூஜ்யத்த தொடற எடம் மைனஸ் 273 கிட்ட வரும். கேய்-லூசாக்கோட 137.5 வெச்சு இழுத்தா மைனஸ் 267ல தொடும், அவரு கருவிக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு நெனச்சுப் பாரு. ஆக்சிஜன், ஹைட்ரஜன், எது எடுத்தாலும் அந்தக் கோடு அங்கதான் போய் முட்டும். உண்மைல வாயு அங்க போறதுக்கு முன்னாடியே திரவமாயிரும், ஆனா கோடு காட்டுற எடம் மாறாது. 1848ல கெல்வின் அந்த எடத்துலேர்ந்து அளக்கற அளவுகோல கொண்டு வந்தாரு, துல்லியமா மைனஸ் 273.15.

செல்சியஸ்ல பூஜ்யம்ங்கறது தண்ணி உறையற எடம், அவ்ளோதான். காத்துக்கு அது பூஜ்யம் கெடையாது. அதனால 15லேர்ந்து 30 ஆனா டபுள் இல்ல, 288லேர்ந்து 303, நூத்துக்கு அஞ்சு பங்குதான் ஏறுது. உங்க அப்பா மீட்டரும் இதே கதைதான் பாரு, அதோட பூஜ்யமும் நெசமான பூஜ்யம் இல்ல. சூட்டுக்கு 273 சேக்கறோம், மீட்டருக்கு வெளிக்காத்த சேக்கறோம், ரெண்டும் ஒரே வேலை.

தூத்துக்குடி உப்புக்காத்து:
அண்ணாச்சிமாரே, மலைக்கு போறத பத்தியே பேசுதீக, கீழ எறங்குறதயும் கொஞ்சம் பேசுவோம். எங்க வீட்ல மூணு தலைமுறையா சங்கு குளிக்கவங்க. கடலுக்குள்ள பத்து மீட்டர் எறங்குனா மேல இருக்க காத்தோட எடைய போல இன்னொரு மடங்கு தண்ணியால வந்துரும், அப்ப அழுத்தம் ரெண்டு மடங்கு. மூச்ச புடிச்சிட்டு எறங்குறவன் நெஞ்சுல ஆறு லிட்டர் காத்து இருந்தா பத்து மீட்டர்ல அது மூணு லிட்டர், இருவதுல ரெண்டு லிட்டர். மேல வந்தா திரும்ப ஆறு ஆயிரும், அதுல ஆபத்து இல்ல.

இப்ப கம்ப்ரசர்ல டியூப் வெச்சு அடில போயி வேல பாக்காங்க. அங்கதான் சாவு இருக்கு. பத்து மீட்டர் ஆழத்துல அந்த அழுத்தக் காத்த நெஞ்சு நெறய இழுத்துட்டு ஏதோ பயத்துல மூச்ச அடக்கிட்டு மேல வந்தான்னா அந்த ஆறு லிட்டர் பன்னெண்டு லிட்டர் ஆவப் பாக்கும். நுரையீரல் தாங்குமா. மேல வாறப்ப மூச்ச விட்டுக்கிட்டே வாடான்னு எங்க அப்பா சின்னப்புள்ளையிலயே அடிச்சு சொல்லிக் குடுத்தாரு, ஏன்னு அவருக்குத் தெரியாது, ஆனா அத மீறுனவங்கள அவரு பாத்திருக்காரு. இந்த பாடத்த எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சங்கு படத்தோட நடத்துனா ஒரு புள்ளையும் மறக்காது டீச்சர்.

தாராபுரம் டீச்சர்:
அண்ணாச்சி, படிச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. இது அப்படியே பாயில் விதி, சூடு மாறாதப்ப அழுத்தம் எத்தன மடங்கு ஏறுதோ கன அளவு அத்தன மடங்கு கொறையும்ங்கறது. கடல்ல அந்த ஆழத்துக்குள்ள சூடு ஒண்ணு ரெண்டு டிகிரிதான் மாறும், அது கணக்குல ஒரு சதவீதம் கூட இல்ல, முழுக்க அழுத்தம்தான். ராபர்ட் பாயில் 1662ல வெளியிட்டது ஒரு வளஞ்ச கண்ணாடிக் குழாய்ல பாதரசம் ஊத்தி ஊத்தி அளந்த பட்டியல், சுமார் 29 அங்குலம் பாதரசம் கூடுதலா ஊத்துனப்ப காத்து பாதியாச்சு. அந்த 29 அங்குலம் பாதரசம் செஞ்ச வேலயத்தான் உங்க பத்து மீட்டர் கடல் தண்ணி செய்யுது. முதல் பத்து மீட்டர்லதான் கன அளவு பாதியாகுது, இருவதுலேர்ந்து முப்பதுக்கு போனா ரெண்டு லிட்டர் ஒண்ணரை ஆகுது, அவ்ளோதான். அதனால மேல வர்றப்ப கடைசி பத்து மீட்டர்தான் ரொம்ப ஆபத்து. அடுத்த வருஷம் என் வகுப்புல இதத்தான் முதல்ல சொல்லப்போறேன்.

சிஎன்ஜி ஆட்டோ:
எனக்கும் ஒரு டவுட்டு டீச்சர். மதியம் வெயில்ல லைன்ல நின்னு கேஸ் ரொப்புனா 200 காட்டுது, சாய்ங்காலம் வீட்ல நிறுத்தி வண்டி ஓட்டாமலே காலைல பாத்தா 185க்கு வந்துருது. லீக்கான்னு சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தேன், முட்ட வரல. அளவுல ஏமாத்துறாங்களோன்னு மனசு அடிச்சுக்குது.

தாராபுரம் டீச்சர்:
லீக் இல்ல, பயப்படாதீங்க. வேகமா அமுக்கி ரொப்பும்போது சிலிண்டருக்குள்ள வாயு சூடாயிடும், வெயிலும் சேந்துக்கும். 45 டிகிரில 200 பார் இருந்தா 27 டிகிரில சாதாரண வாயு விதிப்படி 190 கிட்ட வரணும். அவ்ளோ அழுத்தத்துல மூலக்கூறுகள் ரொம்ப நெருங்கிடறதால அந்த விதி துல்லியமா ஒத்துப்போகாது, மீத்தேன் இன்னும் கொஞ்சம் கூடவே எறங்கும், உங்க 185 இயல்புதான். கேஸ எடையிலதான் விக்கறாங்க, அதனால உங்க காசு போகல. ஆனா அதிகாலைல ரொப்புனா அதே 200க்கு கொஞ்சம் கூடுதல் கேஸ் உள்ள போகும், ஒரு ட்ரிப் கூட ஓட்டலாம்.

சமையல்கட்டு:
வீட்டு கேஸ் சிலிண்டரும் இதே கணக்குதானா மேடம்? வெயில்ல வெச்சா?

தாராபுரம் டீச்சர்:
இல்லம்மா, அது வேற. 14.2 கிலோ சிலிண்டருக்குள்ள இருக்கறது பெரும்பாலும் திரவம், மேல கொஞ்சம் ஆவி. ஆவி செலவானா திரவத்துலேர்ந்து திரும்ப வரும், அதனால உள்ள இருக்கற வாயுவோட அளவே மாறிட்டிருக்கும், இந்த விதிய போடக்கூடாது. சூடேறுனா அழுத்தம் வாயு விதி சொல்றத விட ரொம்ப வேகமா ஏறும், திரவமும் விரியும், அதுக்காகத்தான் முழுசா நெரப்பாம எடம் விடறாங்க. வெயில்ல வெக்காதீங்க.

காரமடை வேன்:
எல்லாருக்கும் ஒரு சேதிங்க. நேத்து வாடகைக்கு திரும்பவும் ஊட்டி போனேன், பாப்பா ஒரு வேல குடுத்து அனுப்புச்சு. ஊட்டில காலைல 15 டிகிரில ஒரு காலி லிட்டர் பாட்டில திறந்து வெச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு இறுக்கி மூடி எடுத்துட்டு வந்தேன். பர்லியார் தாண்டும்போதே டக்கு டக்குன்னு சத்தம் வந்து ரெண்டு பக்கமும் ஒட்டிருச்சு. சாய்ங்காலம் வீட்ல பக்கெட் தண்ணிக்குள்ள பாட்டில கவுத்து அமுக்கிப் புடிச்சு மூடிய திறந்தோம், சர்ருன்னு தண்ணி உள்ள ஏறிச்சு, பாட்டில் பழையபடி நிமிந்துருச்சு. உள்ள போன தண்ணிய அளந்தா 140 மில்லி. பாப்பா கணக்குல 160 கிட்ட வரணும்னு எழுதி வெச்சிருந்துச்சு, 20 எங்க போச்சுன்னு நைட்டெல்லாம் ஒக்காந்திருக்கு.

தாராபுரம் டீச்சர்:
140ஆ! வீட்டு பக்கெட்ல இவ்ளோ பக்கத்துல வந்தது பெரிய விஷயம், பாப்பாகிட்ட சொல்லுங்க. பாட்டில் உள்ள ஈரமா இருந்துச்சா? ரெண்டு சொட்டு தண்ணி இருந்தாலும் கீழ வந்து சூடாகும்போது கூடுதலா ஆவியாகி எடத்தப் புடிச்சுக்கும், அதுவே இருவது மில்லி சாப்பிட்டுரும். பாட்டில்ல மடிப்பு முழுசா நிமிராம இருந்தாலும் கொறயும்.

காரமடை வேன்:
ஆமாங்க, வழில தண்ணி குடிச்சு முடிச்ச பாட்டில்தான், உள்ள சொட்டு இருந்துச்சு.

தாராபுரம் டீச்சர்:
அப்ப அடுத்த தடவ நல்லா காயவெச்ச பாட்டில் எடுத்துட்டு போங்க. கூடவே ஒரு கண்ணாடி பாட்டிலும். அது நசுங்காது, பாக்க ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும், உங்க டயர் மாதிரி. ஆனா தண்ணிக்குள்ள வெச்சு திறக்கும்போது எவ்ளோ உள்ள போகும்னு பாப்பாவ முன்கூட்டியே எழுதி வெக்கச் சொல்லுங்க. அளக்கறதுக்கு முன்னாடி உள்ள ஏறுன தண்ணி மட்டமும் பக்கெட் தண்ணி மட்டமும் ஒரே கோட்ல வர்ற மாதிரி பாட்டில தூக்கிப் புடிக்கணும்.

காரமடை வேன்:
அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை ட்ரிப் இருக்குங்க. ஜூஸ் பாட்டில் ரெண்டு கழுவி வெயில்ல வெச்சாச்சு. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒரே அளவுதான் வரும்னு பாப்பா எழுதி தேதி போட்டு ஒட்டி வெச்சிருக்கு. வந்து சொல்றேன்.